எல்சிடியில் எழுத்து வரவில்லையா? திரையில் தெரிவதை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த 16×2 எல்சிடியை (வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி) ஆர்டுயினோ யூனோ என்ற கன்ட்ரோலர் போர்டில் மாட்டியாயிற்று. புரோகிராமும் பிழையில்லாமல் ஏறிவிட்டது. திரையில் மட்டும் எழுத்து இல்லை. இந்த இடத்தில் பலரும் புரோகிராமைத் திருத்த உட்காருகிறார்கள். அது பலிக்காவிட்டால் ஒயர் அத்தனையையும் பிடுங்கி மறுபடி மாட்டுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். ஒயரைப் பிடுங்கினால் பிழையோடு தடயமும் போய்விடும். திரை வெறுமையாக இருக்கிறதா, கறுப்புக் கட்டம் தெரிகிறதா, தெரிந்தால் எந்த வரிசையில், எழுத்து வந்த பிறகு கெட்டதா, வரவே இல்லையா என்று முதலில் பாருங்கள். பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதிலேயே பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

காரணம், இந்தத் திரைக்குத் தனி மூளை உண்டு. 1980களில் ஹிட்டாச்சி கொண்டுவந்த எச்டி44780 என்ற சிப்தான் இதன் அடிப்படை. இன்று நமக்குக் கிடைக்கும் திரைகளில் பின்பக்கம் கறுப்புப் பொட்டு மாதிரி ஒட்டியிருப்பது அதற்கு ஈடான வேறு கம்பெனிச் சிப். எதுவானாலும் பழக்கம் ஒன்றுதான்: மின்சாரம் வந்ததும் தானாகவே ஒற்றை வரி நிலைக்குப் போய் நிற்கும். அதனால் ஆர்டுயினோவோடு ஒரு டேட்டா ஒயர்கூட இணைக்காமல், மின்சாரமும் கான்ட்ராஸ்டும் மட்டும் கொடுத்தாலே மேல் வரிசையில் 16 கறுப்புக் கட்டம் தெரிய வேண்டும். கீழ் வரிசை காலியாக இருக்கும்.

இதையே முதல் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். 1வது பின்னுக்கு கிரவுண்ட், 2வது பின்னுக்கு 5 வோல்ட், 3வது பின்னை நேராக கிரவுண்டில் தொடுங்கள். கட்டம் தெரிந்தால் திரை உயிரோடு இருக்கிறது. தெரியாதவரை புரோகிராமைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

பேக்லைட்டும் இல்லை, கட்டமும் இல்லை

மல்டிமீட்டரை எடுத்து 1, 2 பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். பிரெட்போர்டில் அல்ல, திரையின் பின்னிலேயே முனையை வைத்து அளக்க வேண்டும். 4.7க்கும் 5.2க்கும் நடுவே வந்தால் நல்லது. பிரெட்போர்டு வரை 5 வோல்ட் இருந்து திரையில் இல்லை என்றால் ஜம்பர் ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம். நீளமான பிரெட்போர்டாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீலக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் உள்ளே இணைப்பும் அங்கே விட்டுப்போயிருக்கிறது. மேல் பாதியில் மின்சாரம், கீழ் பாதியில் திரை. இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

பேக்லைட் மட்டும் எரியவில்லை, கட்டம் மங்கலாகத் தெரிகிறது என்றால் 15, 16ஐப் பாருங்கள். 15க்கு பாசிட்டிவ், 16க்கு கிரவுண்ட். நடுவே 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுக்கொள்வது பாதுகாப்பு. சில திரைகளில் 15, 16 இரண்டும் 1க்கு முன்னால் அச்சடித்திருக்கும். ஓரத்திலிருந்து எண்ணாமல், போர்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து மாட்டுங்கள்.

வெளிச்சம் இருக்கிறது, எழுத்தும் இல்லை, கட்டமும் இல்லை

கான்ட்ராஸ்ட். பெரும்பாலும் இதுதான். 10 கிலோ ஓம் பிரீசெட்டின் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) இரண்டு ஓரக் கால்களை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்து, நடுக்காலை 3வது பின்னுக்குக் கொடுக்க வேண்டும். நடுக்காலும் ஓரக்காலும் இடம் மாறினால் எவ்வளவு திருகினாலும் பயன் இல்லை. 5 வோல்ட்டில் ஓடும் திரைக்கு 3வது பின்னில் 0.4 முதல் 1 வோல்ட் வரை இருந்தால் எழுத்து நன்றாகத் தெரியும். பிரீசெட்டின் மொத்தச் சுழற்சியில் எழுத்து தெரிகிற பகுதி கொஞ்சம்தான், அதுவும் கிரவுண்ட் பக்கத்து ஓரத்தில் இருக்கிறது. நடுவில் வைத்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. சின்ன ஸ்குரூடிரைவரால் ஓரம்வரை மெதுவாகத் திருகிப் பாருங்கள். கையில் பிரீசெட் இல்லையென்றால் 3வது பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டாலே போதும்.

மேல் வரிசையில் கறுப்புக் கட்டம் மட்டும்

அதிகம் பேர் வந்து நிற்கிற இடம் இது. பார்க்கப் பழுது மாதிரி இருக்கும், ஆனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மின்சாரம் சரி, கான்ட்ராஸ்ட் சரி, திரையும் சரி. ஆர்டுயினோவின் பேச்சு மட்டும் அதன் காதில் விழவில்லை.

முதல் சந்தேகம் சால்டரிங் மேல் வர வேண்டும். எல்சிடியையும் அதில் பொருத்தும் பின் வரிசையான பெர்க் ஸ்ட்ரிப்பையும் கடையில் தனித்தனியாகக் கொடுப்பார்கள். வீட்டில் சால்டரிங் அயர்ன் இல்லாத பையன்கள் ஸ்ட்ரிப்பை ஓட்டையில் சொருகி, திரையைச் சாய்த்து வைத்து வேலையை ஓட்டப் பார்ப்பார்கள். அல்சூரில் எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பையன், வீட்டு சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் புராஜெக்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணா, விரலால அழுத்தினா எழுத்து வருது, விட்டா போயிடுது. புரோகிராம்ல எங்க தப்புன்னே தெரியல."

"புரோகிராமுக்கு உன் விரல் எப்படி தம்பி தெரியும்? திருப்பிக் காட்டு."

திருப்பி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்ததும் தெரிந்தது. 16 பின்னில் நாலைந்துக்குத்தான் ஈயம் சரியாகப் பிடித்திருந்தது. நல்ல சால்டர், பின்னைச் சுற்றி அடியில் அகன்று மேலே குறுகிக் கூம்பு மாதிரி ஏறியிருக்கும். போர்டின் செப்பு வளையத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். அவனுடைய 6வது பின்னில் ஈயம் உருண்டையாகப் பின்னின் தலையில் உட்கார்ந்திருந்தது. அடியில் முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம், அதாவது இடைவெளி. 6வது பின் எனேபிள். டேட்டா அத்தனையும் சரியாக வந்து நின்றாலும், எனேபிள் ஒரு தட்டு தட்டினால்தான் திரை அதை வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு பின் விட்டுப்போனால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. 25 வாட் அயர்னை வளையத்தையும் பின்னையும் சேர்த்துத் தொடுகிற மாதிரி வைத்து, இரண்டும் சூடான பிறகு ஈயத்தை எதிர்ப்பக்கமிருந்து கொடுக்க வேண்டும். ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கிப் பின்மேல் தடவினால் உருண்டைதான் மிஞ்சும்.

சால்டர் நன்றாக இருந்தால் அடுத்து 5வது பின், ஆர்டபிள்யூ (திரையில் எழுதுவதா, திரையிலிருந்து படிப்பதா என்று சொல்லும் பின்). இதை கிரவுண்டில் கட்ட வேண்டும். சும்மா விட்டால் அது எந்தப் பக்கமும் சாயும். மேலே போய்விட்டால் திரை "நீ படித்துக்கொள்" என்று தன் பக்கமிருந்து டேட்டாவை வெளியே தள்ளும். அதே ஒயரில் ஆர்டுயினோவும் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நல்லதில்லை.

அதன்பிறகுதான் புரோகிராம். ஆர்டுயினோவோடு வரும் லிக்விட்கிறிஸ்டல் லைப்ரரியின் உதாரணத்தில் 12, 11, 5, 4, 3, 2 என்று இருக்கும். அந்த வரிசை இப்படி: ஆர்எஸ் (வருவது கட்டளையா எழுத்தா என்று சொல்லும் பின்) 12ல், எனேபிள் 11ல், டேட்டா பின்களில் டி4 5ல், டி5 4ல், டி6 3ல், டி7 2ல். எண் இறங்குகிறது, டி ஏறுகிறது. இதில்தான் கை தடுமாறும். ஒயர் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப எண்ணை மாற்றுவதும் சரி, எண்ணுக்கேற்ப ஒயரை மாற்றுவதும் சரி. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். செட்டப் பகுதியில் பிகின் என்ற கட்டளை 16, 2 என்ற எண்களோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆர்டுயினோவின் 0, 1 பின்களை எல்சிடிக்குக் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அவை சீரியல் பேச்சுக்கு உரியவை.

ரீசெட் பட்டனை அழுத்தினால் எழுத்து வருகிறது, பிளக்கைப் போடும்போது மட்டும் கட்டத்தோடு நிற்கிறது என்றால் ஒயரில் தவறில்லை. சார்ஜர் மெதுவாக 5 வோல்ட்டுக்கு ஏறுகிறது, திரை எழுந்திருக்கும் முன்பே ஆர்டுயினோ பேசி முடித்துவிடுகிறது. பிகினுக்கு முன்னால் அரை வினாடி டிலே போடுங்கள்.

கட்டம் இருந்தது, புரோகிராம் ஓடியதும் அதுவும் மறைந்துவிட்டது

இந்த அறிகுறி எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் இது காரணத்தை நேராகக் கைகாட்டும். டி6, டி7 இரண்டும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். டி4 முதல் டி7 வரை நான்கே ஒயரில் பேசும் இந்த 4-பிட் முறையில் ஒவ்வொரு கட்டளையும் இரண்டு பாதியாகப் போகிறது. லைப்ரரி கடைசியாக அனுப்பும் தொடக்கக் கட்டளையின் இரண்டாம் பாதி, டி7இலிருந்து டி4 வரை, 0110. டி6ம் டி7ம் மாறினால் அது 1010 ஆகிவிடும். திரையின் அகராதியில் அதற்குப் பொருள் "டிஸ்ப்ளேயை அணை". சொன்னபடி அணைந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு எழுத்து அனுப்பினாலும் நினைவில் ஏறும், கண்ணுக்குத் தெரியாது.

டி4, டி5 மாறினால் இப்படி ஒரே மாதிரி இருக்காது. 4-பிட் முறைக்கு வா என்று சொல்லும் கட்டளையே வேறு கட்டளையாகிவிடுவதால் குப்பை எழுத்தும் வரலாம், கட்டத்தோடும் நிற்கலாம்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், மோட்டார் போட்டதும் குப்பை எழுத்து

பெங்களூரில் வீட்டுக்கு வீடு சம்ப், மேலே டேங்க், நடுவே ஒரு மோட்டார். காவிரித் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ சம்ப்பில் விழுந்ததும் மேலே ஏற்ற வேண்டும். அதனால் பையன்கள் செய்யும் புராஜெக்டில் பாதி இதுதான்: அல்ட்ராசோனிக் சென்சார், ரிலே, ஒரு எல்சிடி. மேஜைமேல் அழகாக ஓடும். நிஜ மோட்டாரோடு இணைத்த அன்று ரிலே "டக்" என்றதும் திரையில் புரியாத எழுத்து.

முதலில் கெட்டது திரை மட்டுமா, ஆர்டுயினோவும் சேர்ந்தா என்று பிரித்துவிடுங்கள். வினாடியை எண்ணி சீரியல் மானிட்டரில் காட்டும் இரண்டு வரியைச் சேர்த்து, மோட்டாரைப் போடுங்கள். எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால் மின்னழுத்தம் சரிந்து ஆர்டுயினோவே ரீசெட் ஆகிறது. எண்ணிக்கை தொடர்ந்து ஓடி, திரை மட்டும் கெட்டால், மோட்டார் போடும்போது எழும் மின் இரைச்சல் எனேபிள் ஒயரில் ஏறி, போலியான தட்டு ஒன்றைத் தட்டியிருக்கிறது. 4-பிட் முறையில் ஒரே ஒரு போலித் தட்டு போதும். ஒரு எழுத்தின் முதல் பாதி, முந்தைய எழுத்தின் இரண்டாம் பாதியாகிவிடும். அதற்குப் பிறகு வருவது எல்லாமே அரை எழுத்து தள்ளித்தான் விழும். குப்பை தானாகச் சரியாகாமல் நீடிப்பது இதனால்தான்.

முதல் வகைக்கு மருந்து: ரிலேவுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை. ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து ரிலேவை ஓட்டாதீர்கள். தனி ரிலேவை நீங்களே டிரான்சிஸ்டர் வைத்து ஓட்டினால் காயிலின் குறுக்கே 1என்4007 டயோடு கட்டாயம்.

இரண்டாம் வகைக்கு: திரையின் 1, 2 பின்களிலேயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள், பிரெட்போர்டில் தூரத்தில் அல்ல. கூடவே 100 மைக்ரோஃபாரட் ஒன்று. எல்சிடி ஒயரை ஒரு அடிக்குள் வைத்து, மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி ஓட்டுங்கள். மோட்டார் பக்கத்தில் இந்த இரைச்சலை அடக்கும் ஸ்னப்பர் போடலாம். ஆனால் அது 230 வோல்ட் வேலை, எலக்ட்ரீஷியன் கையில் விடுங்கள். சம்ப் ஈரத்தில் நின்றுகொண்டு செய்யும் காரியம் அல்ல. நிமிடத்துக்கு ஒருமுறை பிகினை மறுபடி கூப்பிட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. திரை தெளிந்துவிடும், உண்மைதான். ஆனால் இரைச்சல் உள்ளேயேதான் இருக்கும், நாளைக்கு அது சென்சார் அளவையும் கெடுக்கும். கபாசிட்டரைப் போட்டுவிட்டு, வேண்டுமானால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வருகிறது, ஆனால் தவறாக

இங்கே ஒயரைத் தொட வேண்டாம், எல்லாம் புரோகிராம்தான்.

வரியின் கடைசியில் இரண்டு விசித்திரக் குறிகள் ஒட்டிக்கொண்டால் பிரின்ட்எல்என் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது அனுப்பும் வரிமாற்றக் குறிகளான 13, 10 இரண்டையும் இந்தத் திரை எழுத்தாகவே வரைந்துவிடும். வெறும் பிரின்ட் போதும். அடுத்த வரிக்கு செட்கர்சர்.

தண்ணீர் 100 சதவீதத்திலிருந்து 99க்கு இறங்கியதும் 990 என்று காட்டுகிறதா? பழைய பூஜ்ஜியம் அழியவில்லை. எண்ணுக்குப் பின்னால் இரண்டு இடைவெளி சேர்த்து எழுதுங்கள். அதற்காக ஒவ்வொரு சுற்றிலும் கிளியர் கொடுத்தால் திரை சிமிட்ட ஆரம்பிக்கும். சாதாரணக் கட்டளை 37 மைக்ரோ வினாடியில் முடிய, கிளியருக்கு 1.5 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது.

சொந்தமாக வரைந்த எழுத்தை கிரியேட்சாரில் ஏற்றியபின் மற்ற எழுத்தெல்லாம் காணாமல் போனால், ஏற்றி முடித்ததும் ஒரு செட்கர்சர் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதுவது திரைக்குப் போகாமல் எழுத்து வரையும் நினைவகத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம், நம்மவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்ப்பது: மேற்கோள் குறிக்குள் "வணக்கம்" என்று தமிழில் எழுதி அனுப்புவது. திரையில் கிரேக்க ஆல்பாவும் ஜப்பானிய எழுத்தும் மாறி மாறி வரும். திரை கெட்டுப்போகவில்லை. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளியையும் சேர்த்தால் "வணக்கம்" 7 குறி, ஆக 21 பைட். திரை ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. தமிழ்க் குறி எதுவானாலும் முதல் பைட் ஒன்றுதான். அதற்கு ஜப்பானிய எழுத்துள்ள சிப்பில் ஆல்பாதான் இடம். அதனால்தான் மூன்று கட்டத்துக்கு ஒரு ஆல்பா. 16 கட்டத்தில் ஆறு ஆல்பாவைப் பார்ப்பீர்கள், மீதி ஐந்து பைட் திரைக்கு வெளியே போய்விடும்.

தமிழ் வேண்டுமென்றால் 5×8 புள்ளிக்குள் நாமே வரைய வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் எட்டே எட்டு. ட, ப, ம அழகாக உட்காரும். ண, ஐ ஒரு கட்டத்தில் அடங்காது. இரண்டு கட்டத்தில் பிரித்து வரைந்தால் நடுவில் உள்ள இடைவெளி எழுத்தை வெட்டும். "நீர்", "பம்ப்" மாதிரி ஒன்றிரண்டு சொல்லுக்கு இது போதும், செய்து பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷமும் உண்டு. வாக்கியமே தமிழில் வேண்டுமென்றால் 128×64 ஓலெட் திரைக்குப் போய்விடுங்கள்.

முதுகில் ஐ2சி போர்டு ஒட்டிய திரை

ஐ2சி என்பது எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டே சிக்னல் ஒயரில் பேசும் முறை. மின்சாரத்தையும் சேர்த்து நான்கு ஒயரோடு முடிவதால் இதைத்தான் இப்போது பலரும் வாங்குகிறார்கள். வெளிச்சம் மட்டும் வருகிறது என்றால் முதலில் பின்பக்கத்து நீல பிரீசெட்டைத் திருகுங்கள். மேலே சொன்ன அதே கான்ட்ராஸ்ட்தான். கட்டம் வந்து எழுத்து வரவில்லை என்றால் புரோகிராமில் கொடுத்த ஐ2சி முகவரியைப் பாருங்கள். பிசிஎஃப்8574 சிப் இருந்தால் வழக்கமாக ஹெக்ஸ் 27, கடைசியில் ஏ சேர்ந்த பிசிஎஃப்8574ஏ இருந்தால் ஹெக்ஸ் 3எஃப். ஐ2சி ஸ்கேனர் புரோகிராமை ஓட்டினால் சரியான முகவரி வந்துவிடும். ஸ்கேனருக்கே எதுவும் அகப்படவில்லை என்றால் எஸ்டிஏ, எஸ்சிஎல் மாறியிருக்கும்: யூனோவில் எஸ்டிஏ ஏ4, எஸ்சிஎல் ஏ5.

முகவரி சரி, ஆனால் எழுத்துக்குப் பதில் பேக்லைட் மின்னி மின்னி அணைகிறது என்றால், லைப்ரரி நினைக்கும் பின் வரிசை வேறு, உங்கள் போர்டின் வரிசை வேறு. லைப்ரரியை மாற்றுங்கள்.

ஆர்டுயினோவுக்குப் பதில் 3.3 வோல்ட் சிக்னல் தரும் இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையை 3.3 வோல்ட்டில் ஓட்டினால் கான்ட்ராஸ்ட் எட்டாது, எழுத்து ஆவி மாதிரி தெரியும். 5 வோல்ட்டில் ஓட்டினால், ஐ2சி போர்டு சிக்னலுக்கு 3.5 வோல்ட்டாவது எதிர்பார்க்கும், இஎஸ்பி32 தருவதோ 3.3. சிலருக்கு ஓடும், சிலருக்குப் பாதியில் நிற்கும். போதாததற்கு அந்தப் போர்டின் புல்-அப் ரெசிஸ்டர்கள் 5 வோல்ட்டை இஎஸ்பி32வின் காலுக்கே கொண்டுவரும். 3.3, 5 வோல்ட் சிக்னலை ஒன்றுக்கொன்று மாற்றித்தரும் லெவல் ஷிஃப்டர் ஒன்றை நடுவில் போடுங்கள். ஐ2சி போர்டு இல்லாமல் நேராக இணைத்தால் இந்தச் சிக்கல் இல்லை, திரையின் சிப் 2.2 வோல்ட்டையே மேல்நிலை என்று ஏற்றுக்கொள்ளும். ஆர்டபிள்யூ மட்டும் கிரவுண்டில் இருக்க வேண்டும்.

உண்மையிலேயே செத்த திரை

1, 2 பின்னில் 5 வோல்ட் அளந்தாயிற்று, 3 கிரவுண்டில் இருக்கிறது, அப்போதும் ஒரு கட்டம்கூட இல்லை. பின்பக்கத்துக் கறுப்புப் பொட்டில் விரலை வையுங்கள். சுட்டால் எப்போதோ பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறது, அந்தத் திரை இனி எழாது. புதிது வாங்கப் போகும்போது மூன்று ஜம்பர் ஒயரும் ஒரு பவர் பேங்கும், முனை வெட்டிய யுஎஸ்பி கேபிளும் எடுத்துப் போங்கள். ஸ்ட்ரிப் வைத்துச் சால்டர் செய்த திரையாகக் கேட்டு வாங்கி, பணம் கொடுக்கும் முன் கவுன்ட்டரிலேயே 1க்கு கிரவுண்ட், 2க்கு 5 வோல்ட், 3க்கு கிரவுண்ட் கொடுத்துப் பாருங்கள். 16 கட்டமும் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு புள்ளி வரிசை விட்டுப்போயிருந்தாலும் வேறு கேளுங்கள்.